வளைவுக்கு வளைவு மூச்சு: மலைப்பாதை வாசகர் கேள்வி – பதில்

மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுப் பாதைகளில் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் செல்வது குறித்துச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொருளில் பலர் கேட்டவற்றை ஒன்றாக்கி, இந்த இதழில் இடம் கொண்ட அளவுக்கு விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பாலக்காட்டுக் கணவாய், ஆண்டிபட்டிக் கணவாய் என்கிறோம், போடிமெட்டு, கம்பம்மெட்டு என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றுதானா? (பள்ளி ஆசிரியை, திருமங்கலம்)

மலையைக் கடக்கும் வழி என்ற பொருளில் இரண்டும் ஒன்றே. ஆனால் அந்தந்த ஊர்க்காரர்கள் இரண்டு சொற்களையும் வேறு வேறு இடங்களுக்குத்தான் வழங்குகிறார்கள். மலைத்தொடர் தானாகவே தாழ்ந்தோ விலகியோ வழி விட்ட இடம் கணவாய். பாலக்காட்டுக் கணவாயின் வழியாகச் செல்லும் பேருந்துப் பயணிக்கு மலையைக் கடந்ததே தெரியாது. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் அத்தனை நிற்பதும் அந்த இடைவெளியில் புகுந்து வரும் காற்றை நம்பித்தான். மெட்டு அப்படியல்ல, மலை எங்கும் விலகவில்லை, மனிதர்கள்தாம் சரிவில் வளைந்து வளைந்து ஏறி முகட்டைத் தொட்டு மறுபுறம் இறங்குகிறார்கள். தேனி மாவட்டத்து மேற்கெல்லையில் இந்தச் சொல் ஊர்ப்பெயர்களாகவே நிலைத்துவிட்டது. மிதிவண்டிக்காரருக்கு இந்த வேறுபாடு கைகொடுக்கும். பெயரைக் கேட்டவுடனேயே எவ்வளவு ஏற்றம் காத்திருக்கிறது என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

முதன்முதலாக மலைச்சாலையில் மிதிக்க விரும்புகிறவர் கணவாயில் தொடங்குவதே நல்லது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகத் தென்மலை வரை செல்லும் சாலை அதற்கு ஏற்றது. செங்கோட்டையே மலையடிவாரத்தில் இருப்பதால் ஏற்றம் விரைவில் முடிந்துவிடும்; பிறகு காட்டு நிழலில் இறங்கலாம். 1904இல் திறக்கப்பட்ட கொல்லம் – செங்கோட்டை இருப்புப்பாதையின் பதின்மூன்று கண் பாலத்தை வழியில் சாலையிலிருந்தே பார்க்கலாம். அது தேசிய நெடுஞ்சாலை என்பதால் சரக்கு லாரிகள் மிகுதி. விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் அப்பாவின் பழைய மிதிவண்டிதான் இருக்கிறது, கியர் இல்லை. அதில் போடிமெட்டு ஏற முடியுமா? கியர் வண்டி வாங்கத்தான் வேண்டுமா? (நூற்பாலைத் தொழிலாளர், ஆண்டிபட்டி)

ஏறலாம், ஆனால் பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏன் அப்படி என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டுகிறேன். உங்கள் வண்டியில் மிதியோடு சுற்றும் முன் பல்சக்கரமான செயின் வீலில் 44 பல்லும், பின்சக்கரத்தோடு சுற்றும் ஃப்ரீவீலில் 18 பல்லும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். மலையேற்றத்தில் புதியவர் ஒருவரின் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். அந்த வேகத்தில் உங்கள் கால் நிமிடத்துக்கு 25 முறைதான் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் உடல் எடை முழுவதையும் மிதியின் மேல் போட்டு அழுத்தியாக வேண்டும், அந்தச் சுமை முழுவதும் முழங்காலில் இறங்கும். முன்னால் 34, பின்னால் 34 பல் உள்ள கியர் வண்டியில் அதே வேகத்துக்குக் கால் 60 முறைக்குமேல் சுற்றும். அழுத்தம் சிறியது, சுற்று அதிகம். மொத்த வேலை இரண்டிலும் ஒன்றுதான். கியர் வேலையைக் குறைப்பதில்லை, அதைச் சிறு சிறு கூறாக்கித் தருகிறது.

போடிநாயக்கனூரிலிருந்து மெட்டு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். உயரத்தில் சுமார் ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். ஊரிலிருந்து முந்தல் வரை சாலை ஓரளவு சமமாகவே போகும், அதற்குப் பிறகுதான் 17 கொண்டை ஊசி வளைவுகளும் வருகின்றன. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், இந்த உயரத்துக்கு ஏறுவதற்கு மட்டுமே உடல் 800 கலோரிக்கு மேல் செலவழிக்கிறது. காலையில் காபி மட்டும் குடித்துவிட்டு ஏறுகிறவர் பத்தாவது வளைவில் கண் இருண்டு உட்கார்ந்துவிடுவதற்குக் காரணம் அதுதான். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பசிக்கும்வரை காத்திராமல் முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு கடலைமிட்டாயோ வாழைப்பழமோ உள்ளே போகட்டும். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரும், அதில் ஒரு பாட்டிலாவது உப்பும் எலுமிச்சையும் கலந்ததும் இருக்க வேண்டும்.

வேகத்துக்கு அளவுகோல் கைக்கடிகாரமல்ல, பேச்சு. உடன் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் சரியான வேகத்தில் ஏறுகிறீர்கள் என்று பொருள். சொல் சொல்லாக உடைகிறதென்றால் உடனே குறையுங்கள். முதல் ஐந்து வளைவுகளில் இளைஞர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போவார்கள். பன்னிரண்டாவது வளைவின் கைப்பிடிச் சுவரில் அவர்களில் பாதிப்பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே நான் போவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, தொடக்கத்தில் அடக்கிக்கொள்வது அவ்வளவு கடினம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தச் சாலைக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விடியற்காலையில் வரிசையாக, மிக வேகமாக ஏறும். அவை போய் முடிந்த பிறகு, நன்றாக வெளிச்சம் வந்ததும் முந்தலைத் தாண்டுங்கள். மாலையில் அவை இறங்கும் நேரத்துக்கு முன்பே நீங்கள் கீழே வந்துவிட வேண்டும். வளைவில் பேருந்து வருவது தெரிந்தால், வளைவுக்குள் நுழையாமல் முன்கூட்டியே ஓரமாக நின்றுவிடுங்கள். நீளமான வண்டி திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். நீங்கள் நிற்பதற்கு அங்கே இடமிருக்காது.

புதிய வண்டி வாங்கும் அவசரம் வேண்டாம். முதலில் உங்கள் ஊர்க் கணவாயையே அப்பாவின் வண்டியில் நாலைந்து முறை ஏறி இறங்குங்கள். ஆசை அதற்குப் பிறகும் நீடித்தால் கியர் வண்டி வாங்கலாம். வாங்கும்போது எத்தனை கியர் என்று கேட்காமல், பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று கேளுங்கள்.

கேள்வி: கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது பிரேக்கிலிருந்து கருகல் வாடை வந்தது. பயந்து இறங்கி நடந்தே வந்துவிட்டேன். நான் செய்தது சரியா? (வாசகி, திருப்பூர்)

மிகவும் சரி. ஏறுவதைப் பற்றி நூறு பேர் கேட்கிறார்கள், இறங்குவதைப் பற்றி ஒருவர்தான் கேட்கிறார். ஆனால் மலைச்சாலையில் எலும்பு முறிவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். அதனால் உங்களுக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கோத்தகிரி மேட்டுப்பாளையத்தைவிட ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆளும் வண்டியுமாக 80 கிலோ அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றின் தடை தாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே சூடாகத்தான் மாறியாக வேண்டும், அதற்குப் போக வேறு இடமில்லை. இது எனக்கே நடந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் அதே சாலையில் இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடியே, அதுதான் பாதுகாப்பு என்று நம்பி, விடாமல் இறங்கிக்கொண்டிருந்தேன். முன் ட்யூபில் பழைய பஞ்சர் ஒட்டு ஒன்று இருந்தது. ரிம்மின் சூட்டில் ஒட்டின் பசை இளகி, ஒரு வளைவுக்குப் பத்தடி முன்னால் காற்று முழுவதும் இறங்கிவிட்டது. கைப்பிடி இடமும் வலமுமாக உதற, எப்படியோ மண்மேட்டில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினேன். டயரைக் கழற்றலாம் என்று ரிம்மில் கை வைத்தபோது, அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லைத் தொட்டது போல் விரல் சட்டென்று பின்வாங்கியது. கட்டைவிரலில் எழுந்த கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆயிற்று.

லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் தவறு. நேர்ச்சாலையில் வண்டியைச் சற்று ஓடவிட்டு, வளைவுக்கு முன்பாக இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிடியைத் தளர்த்தி வளைவுக்குள் நுழைய வேண்டும். இடையில் கிடைக்கும் ஓட்டத்தில் காற்றுப் பட்டு ரிம் ஆறும். வளைவுக்குள் இருக்கும்போது பிரேக்கை இறுகப் பிடித்தால் சக்கரம் வழுக்கும், அதுவும் சில்வர் ஓக் சருகோ நொறுங்கிய ஜல்லியோ கிடக்கும் இடத்தில் நிச்சயம் வழுக்கும். இடப்பக்கம் திரும்பும்போது இடது மிதி மேலேயும் வலது மிதி கீழேயும் இருக்கட்டும். இல்லாவிட்டால் சாயும்போது மிதி தரையில் இடிக்கும். கண்ணைப் பள்ளத்தில் வைக்காதீர்கள், வளைவின் மறுமுனையில் வையுங்கள், வண்டி கண்ணைத் தொடர்ந்தே போகும். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி, ரிம்மின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். மழையிலோ மூடுபனியிலோ ரிம் நனைந்திருந்தால், பிரேக் பிடித்தவுடன் வண்டி நிற்காது. கட்டை முதலில் ஈரத்தைத் துடைத்தெடுத்த பிறகுதான் பிடி கிடைக்கும் என்பதால் வழக்கத்தைவிட முன்னதாகவே பிடிக்கத் தொடங்குங்கள். டிஸ்க் பிரேக்கில் டயருக்குச் சூடு ஏறாது, ஆனால் அதையும் விடாமல் தேய்த்தால் வட்டு சூடாகிப் பிடிப்புக் குறையும்.

மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். மிதிவண்டிக்காரருக்கும் இது பொருந்தும். இன்னொன்று: ஏறும்போது வியர்த்த சட்டையுடன் அப்படியே இறங்காதீர்கள். மேலே குளிர், அதோடு எதிர்காற்றும் சேர்ந்தால் விரல் மரத்துப்போகும், மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது. காற்றுத் தடுக்கும் மேல்சட்டை இல்லாதவர் டீக்கடையில் பழைய செய்தித்தாள் வாங்கிச் சட்டைக்குள் மார்பின்மேல் விரித்துக்கொண்டாலே போதும்.

கேள்வி: கல்லட்டிச் சாலையில் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கிய அனுபவத்தை நண்பர்கள் புகழ்கிறார்கள். நாங்கள் நான்கு பேர் மிதிவண்டியில் போகலாமா? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மிகச் செங்குத்தான இறக்கம் அது. பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்த வாகனங்களால்தான் வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடை வந்தது. கீழே சென்றால் முதுமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி, யானை நடமாட்டம் உள்ள காடு. யானையின் முன்னால் மிதிவண்டிக்காரருக்கு மறைப்பும் இல்லை, ஓடித் தப்பும் வேகமும் இல்லை. பண்ணாரியிலிருந்து 27 வளைவுகளோடு திம்பம் ஏறும் சாலைக்கும் இதே பதில்தான். வளைவுகளை எண்ணி ஏற வேண்டும் என்பது உங்கள் ஆசையானால் கொல்லிமலைக்குப் போங்கள். காரவள்ளியிலிருந்து ஏறும் அந்தச் சாலையில் 70 வளைவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகையும் நிற்கிறது. ஆழியாற்றிலிருந்து 40 வளைவுகள் ஏறி வால்பாறை செல்லும் சாலை அழகில் எதற்கும் குறைந்ததல்ல. ஒன்பதாவது வளைவின் காட்சிமுனையில் நின்றால் ஆழியாறு அணை முழுவதும் காலடியில் தெரியும், பாறைச் சரிவுகளில் வரையாடுகளும் தென்படும். ஆனால் அதுவும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்து வழியே. ஆழியாறு சோதனைச் சாவடியில் கேட்டு, அவர்கள் அனுமதித்தால், அவர்கள் சொல்லும் நேரத்துக்குள் மட்டும் செல்லுங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் போகிறவர்கள் தேயிலைத் தோட்டத்தில் நிற்கும் காட்டெருமையை வீட்டு எருமையாக எண்ணி அருகில் சென்று படம் எடுக்க வேண்டாம்.

துணைக்குக் கார் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது.

கேள்வி: காட்டுப்பாதையில் நடந்து செல்ல வனத்துறை ஏன் இத்தனை கட்டுப்பாடு விதிக்கிறது? நம் முன்னோர் யாரைக் கேட்டு நடந்தார்கள்? (வாசகர், திண்டுக்கல்)

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புற்சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு எந்த மனிதராலும் ஈடுகொடுக்க முடியாது. எரியும் தீயின் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும் என்பதால், சரிவு கூடக் கூட வேகமும் கூடும். நம் முன்னோர் அந்தப் புல் எப்போது காயும், காற்று எப்போது திரும்பும், எந்த ஓடையில் தண்ணீர் நிற்கும் என்பதை அறிந்து நடந்தார்கள். நகரத்திலிருந்து சனிக்கிழமை இரவு பேருந்து ஏறி வரும் நமக்கு அந்த அறிவு இல்லை. காட்டில் புகை தெரிந்தால் ஒருபோதும் மேலே ஓடாதீர்கள். புல் இல்லாத பாறைப்பரப்பையோ ஓடையையோ, ஏற்கெனவே எரிந்து ஆறிய இடத்தையோ தேடுங்கள்.

அந்தத் துயரத்துக்குப் பிறகே மலைநடைக்கென விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. இணையத்தில் முன்பதிவு செய்தால் அந்த மலையிலேயே வாழும் வழிகாட்டி உடன் வருவார். அவருடன் நடப்பதைக் கட்டுப்பாடு என்று எண்ணாதீர்கள். சென்ற ஆண்டு என் முன்னால் நடந்த ஒரு வழிகாட்டி பாதையில் சட்டென்று நின்று, கையைப் பின்னால் நீட்டி எங்களைத் தடுத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. சாணத்தின் மேல் கால் விரலை வைத்துப் பார்த்து, சூடு இருக்கிறது என்று சொல்லிக் கால்மணி நேரம் எங்களை உட்காரவைத்தார். பிறகுதான் மூங்கில் ஒடியும் ஓசை தொலைவில் கேட்டது.

கோடைத் தீக்காலத்தில் பாதைகள் மூடப்படும். 2025இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை மூடியிருந்தார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை நடப்பதற்கு நல்ல காலம்.

கேள்வி: அட்டைக்கடிக்கு என்ன செய்வது? (பல வாசகர்கள்)

மழைக்காலச் சோலைக்காட்டில் அட்டை ஏறாமல் தடுக்க முடியாது, குறைக்கலாம். காலுறைக்குள் கால்சட்டையின் விளிம்பைச் செருகி, காலுறையின் மேல் புகையிலைத் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ தடவிக்கொள்வது மலையில் வேலை செய்கிறவர்களின் வழக்கம். கடித்திருந்தால் பிய்த்து இழுக்காமல், அதன் வாயருகே நகத்தைச் சறுக்கிக் கொடுத்து விடுவியுங்கள். இரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளை அது சுரப்பதால் வெகுநேரம் கசியும். கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும், அச்சப்பட வேண்டாம்.

கேள்வி: எனக்கு 58 வயது, சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிறேன். மலையில் நடக்கலாமா? (ஓய்வுபெற்ற ஊழியர், திருச்சி)

மருத்துவரிடம் கேட்காமல் கிளம்ப வேண்டாம். உங்கள் மாத்திரை உழைப்பின்போது சர்க்கரையை மிகவும் தாழ்த்தும் வகையா என்று குறிப்பாகக் கேளுங்கள். மணிக்கணக்கான ஏற்றத்தில் கை நடுக்கம், திடீர் வியர்வை, தடுமாற்றம் வந்தால் உடனே உட்கார்ந்து சர்க்கரையோ வெல்லமோ சாப்பிட வேண்டும், அது பைக்குள் அல்ல, சட்டைப் பையில் இருக்க வேண்டும். உடன் வருகிறவருக்கும் சொல்லி வையுங்கள். நம் மலைகளின் உயரத்தால் உங்களுக்குத் தொல்லை வர வாய்ப்புக் குறைவு. உயர நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். பாதத்தில் கொப்புளம் வராத பழகிய காலணி உங்களுக்கு மற்றவர்களைவிட இரு மடங்கு முக்கியம். இரவில் பாதத்தைக் கண்ணால் பார்த்துச் சோதியுங்கள்.

கேள்வி: என் தாத்தா குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்குத் தலைச்சுமை எடுத்துச் சென்றவர் என்று அம்மா சொல்வார். அந்தப் பாதையில் நானும் நடக்க விரும்புகிறேன். அதைப் பற்றிச் சொல்லுங்கள். (வாசகி, போடிநாயக்கனூர்)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் உங்கள் ஊர் வழியாகத்தான் உலகுக்குப் போயிற்று. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைத்தார்கள்; 1908இல் அது குறுகிய தண்டவாள (நேரோ கேஜ்) இரயிலாக மாறியது. அந்த இரயில் மூணாற்றிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுவந்து சேர்த்த மேல்நிலையமே டாப் ஸ்டேஷன். சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த முகட்டிலிருந்து கம்பிவடத்தில் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின, அங்கிருந்து போடிக்குச் சாலைவழியாகச் சென்றன. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் இரயில்பாதையை அடித்துச் சென்றது, பிறகு அதை யாரும் மீண்டும் கட்டவில்லை. ஆனால் கம்பிவடத்தில் போனது தேயிலை. மனிதர்கள் தலைச்சுமையோடு காலால் நடந்த பாதை வேறு. உங்கள் தாத்தா நடந்தது அதில்தான்.

குரங்கணி – சாம்பலாறு பாதை இப்போது அரசு திறந்துள்ள பாதைகளுள் ஒன்று. முதலில் அதில் பதிவு செய்து, வழிகாட்டியுடன் நடந்து பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து காலையில் கிளம்பினாலே போதும். வழிகாட்டிகள் அந்தச் சரிவிலேயே வளர்ந்தவர்கள் என்பதால், தாத்தாவின் பெயரையும் அவர் சுமை எடுத்த தோட்டத்தின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். டாப் ஸ்டேஷனுக்கு இன்னொரு நாள் போடிமெட்டு, மூணாறு சுற்றிச் சாலைவழியாகப் போகலாம்; மூணாற்றிலிருந்து 32 கிலோமீட்டர். கம்பிவட நிலையத்தின் சிதைவுகள் இன்னும் அங்கே இருக்கின்றன. அம்மாவால் வளைவுச் சாலைப் பயணத்தைத் தாங்க முடியுமானால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். பத்து மணிக்குமேல் பள்ளத்தாக்கை மேகம் மூடிவிடும், அதற்குள் போய்ச் சேர்ந்தால் கொட்டகுடியும் அதற்கு அப்பால் போடியும் கீழே தெரியும்.